‘லினக்ஸும்’ என்றால் போதுமா?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் திகதி, உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளை இயக்கிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுக்கு வந்தது. அதற்காகக் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு கடையும் பூட்டப்படவில்லை. மருதமுனையில் ஒரு தறியும் ஓயவில்லை. சத்தமின்றி நடந்தது என்பதற்காக அதனைச் சிறிய சம்பவமென்று எவரும் எண்ணிவிடலாகாது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் கணினியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய மையச் சில்லையும் கேட்கிறது. அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினி பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தாலும், ‘நீ ஓய்வுபெற்றாய்’ என்று கடலுக்கு அப்பாலிருந்து அதன் நெற்றியில் முத்திரை குத்தப்பட்டுவிட்டது.

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் நமது கரையோர ஊர்களில், பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் அரிசி ஆலைகளிலும் தொடர்பாடல் நிலையங்களிலும் அத்தகைய கணினிகள் இல்லையென்று கூற எவரேனும் துணிவாரா? 2022இல் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை பாய்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஓடுகின்ற பொருளை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கு என்பது செல்வம் கொழிக்கும் நாடுகளின் உபதேசம். அதனைக் கேட்டு நடக்கும் நிலையில் நமது நெசவாளியும் இல்லை, மீனவரும் இல்லை, பாடசாலை அதிபரும் இல்லை.

நோய்க்கு மருந்து இல்லாமற் போகவில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று உலகின் பெருங்கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உயிராக நிற்கின்றது. பழைய கணினிகளுக்கென்றே அமைந்த லினக்ஸ் தொகுப்புகளும் உண்டு. உரிமக் கட்டணம் இல்லை. இவையெல்லாம் பலரும் அறிந்தனவே. அறிந்தும் ஏன் மாறவில்லை என்று வணிகரைக் கேட்டால் விடை ஒன்றுதான்: “பற்றுச்சீட்டுப் போடும் மென்பொருள் அதில் ஓடாதே!”

விடை நியாயமானதே. இயங்குதளத்தை எவரும் இயங்குதளத்துக்காக வைத்திருப்பதில்லை. அதன்மேல் நடக்கும் வேலைக்காகவே வைத்திருக்கின்றனர். ஆகவே, எந்தத் தளம் நல்லது என்ற பழைய வாதத்தை நாம் இங்கு எழுப்பவில்லை. நமக்கென்று ஆக்கப்படும் மென்பொருள்கள் எந்த அடித்தளத்தின்மீது ஆக்கப்படுகின்றன என்பதையே கேட்கிறோம்.

ஒரு கோலம், பல தறிகள்

மருதமுனையாருக்கு இதனை விளக்குவது எளிது. புடைவைக்கு ஒரு கோலம் வரைகிறோம். அதனை நெய்ய மூவரிடம் மூன்று வகைத் தறிகள் இருக்கின்றன. தறிக்கொரு கோலமாக மும்முறை வரைவதா? அன்றி, ஒருமுறை வரைந்த கோலத்தை எந்தத் தறிக்கும் ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்வதா? மென்பொருள் உலகில் அந்த ஏற்பாட்டுக்குத்தான் பல்தளச் சட்டகம் என்று பெயர். விண்டோஸ், மாக், லினக்ஸ் என்ற மூன்று தறிகளுக்கும் ஒரே கோலம்.

இந்த எண்ணம் பிறந்த வரலாறு நமக்குப் படிப்பினை தருவது. 1990இல் நோர்வே நாட்டின் துரொண்ட்ஹெய்ம் நகரில், வைத்தியசாலையொன்றின் மீயொலிப் படங்களைத் தொகுத்து வைக்கும் மென்பொருளை ஹோவர்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இரு இளைஞர்கள் ஆக்கிக்கொண்டிருந்தனர். அது யுனிக்ஸ், மக்கின்ரோஷ், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் ஓட வேண்டும் என்பது வைத்தியசாலையின் தேவை. அத்தேவையிலிருந்து முளைத்ததே 1995இல் வெளிவந்த கியூட் என்னும் சட்டகம். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய முயற்சி, இன்று டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ் என வழங்குகிறது. கலிபோர்னியாவின் பேர்க்லியில் இரு மாணவர்கள் படம் தீட்டும் மென்பொருளுக்காகச் செய்துகொண்ட கருவிப்பெட்டியே ஜி.டி.கே. ஆயிற்று. ஒன்று வைத்தியசாலையின் தேவை. மற்றவை பல்கலைக்கழகத்தாரின் உழைப்பு. கோடீசுவரர் எவரும் கட்டளையிட்டு இவை பிறக்கவில்லை.

வாக்குறுதியும் நடைமுறையும்

இன்று ‘எல்லாத் தளங்களிலும் ஓடும்’ என்ற வாசகத்தைத் தாங்காத சட்டகம் இல்லை. வாசகத்தை விட்டு நடைமுறையைப் பார்ப்போம்.

2022இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட டொட்நெட் மாவி பல்தளச் சட்டகம் என்றே அறிமுகமானது. கைத்தொலைபேசி இரு வகைக்கும் அது உண்டு. மேசைக்கணினியில் விண்டோஸுக்கும் மாக்குக்கும் உண்டு. அந்நிறுவனம் தன் பொறுப்பில் ஆதரிக்கும் தளங்களின் பட்டியலில் லினக்ஸ் மேசைக்கணினி மட்டும் இல்லை. டொட்நெட் என்ற அடிப்படைப் பொறியோ 2016 முதல் லினக்ஸில் ஓடுகிறது! பொறி வருகிறது, முகம் வரவில்லை. அதே சி-ஷார்ப் மொழியில் எழுத விரும்புவோருக்கு லினக்ஸையும் சமமாக நடத்தும் அவலோனியா என்ற வேறொரு சட்டகம் இருக்கவே இருக்கிறது.

கூகிளின் ஃபிளட்டர், 2022 மே மாதத்தில் வந்த தன் மூன்றாம் பதிப்பில் லினக்ஸ் மேசைக்கணினியை நிலையான ஆதரவுக்குள் எடுத்துக்கொண்டது. உபுண்டுவை வெளியிடும் கெனொனிக்கல் நிறுவனம் அதற்குக் கைகொடுத்தது. உபுண்டுவை நிறுவும் மென்பொருளே இன்று அதனைக் கொண்டு ஆக்கப்படுகிறது. தாமே உண்ணும் சோற்றைத்தான் விருந்தினருக்கும் படைக்கின்றனர். இதுவே மெய்யான ஆதரவின் அடையாளம்.

எலெக்ட்ரோன் என்பது மற்றொன்று. 2013இல் கிட்ஹப் நிறுவனத்தில் தொடங்கியது. லினக்ஸில் அது நன்றாகவே ஓடும். நிரலாளர் பலர் கையாளும் விஷுவல் ஸ்டூடியோ கோடும், சிக்னல் மேசைப் பதிப்பும் அதன் பிள்ளைகளே. ஆனால், அதனைக் கொண்டு ஆக்கும் ஒவ்வொரு மென்பொருளும் முழு இணைய உலாவியொன்றைத் தன் முதுகில் சுமந்து வருகிறது. சிறியதொரு கணக்குப் புத்தகமும் விரித்துவைத்தால் நூறு மெகாபைட்டைத் தாண்டும். நினைவகம் குறைந்த கணினியில் இத்தகைய மூன்றைத் திறந்துவைத்தால் நான்காவது மூச்சுத் திணறும். 32 பிட் லினக்ஸ் கணினிகளை அது 2019இலேயே கைவிட்டுவிட்டது. ஆக, ‘லினக்ஸில் ஓடும்’ என்பதும், ‘நம்மிடமுள்ள லினக்ஸ் கணினியில் ஓடும்’ என்பதும் ஒன்றல்ல.

அச்சுமையைக் குறைக்க வந்தது டௌரி. உலாவியைச் சுமக்காமல் கணினியிலுள்ள உலாவிப் பொறியையே பயன்படுத்துவதால் பொதி மிகச் சிறிது. ஆனால் லினக்ஸில் அது வெப்கிட் ஜி.டி.கே. என்ற பொறியை நம்பி நிற்கிறது. 2024இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு அப்பொறியின் புதிய வடிவத்தைக் கேட்பதால், உபுண்டு 20.04 போன்ற பழைய தொகுப்புகளில் அது ஓடுவதில்லை. ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, நிபந்தனையும் உண்டு. நிபந்தனையைப் படிக்காமல் கைச்சாத்திடுபவர் பின்னர் வருந்துவர்.

அந்த ஓர் ‘உம்’

‘லினக்ஸும் ஆதரிக்கப்படும்’ என்ற வாசகத்தைக் காணும்போதெல்லாம், தமிழ் பேசும் மக்களாகிய நமக்கு வேறொரு வாசகம் நினைவுக்கு வராமற் போகாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், தமிழும் அரசகரும மொழியென்று கூறியது. சட்டத்தில் அந்த ‘உம்’ ஏறி நாற்பதாண்டுகள் நெருங்குகின்றன. ஆயினும், தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி பெற எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கிறது என்பதை அலுவலக வாயிலில் காத்துநின்ற எவரும் அறிவர். ‘உம்’ என்பது வாக்குறுதியின் முடிவு அன்று. அதன் தொடக்கம் மட்டுமே. அதனை நிறைவேற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தட்டச்சாளர் வேண்டும், படிவம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மனம் வேண்டும்.

சட்டகங்களின் ‘உம்’மும் அத்தகையதே. லினக்ஸில் ஒவ்வொரு பதிப்பும் சோதிக்கப்படுகிறதா? வழுவொன்றைத் தெரிவித்தால் திருத்துவதற்கு ஆள் இருக்கிறாரா? நிறுவும் பொதி ஆயத்தமாகக் கிடைக்கிறதா? அச்சுப்பொறியுடன் பேசுகிறதா? இவற்றுக்கு விடை ‘ஆம்’ என்றால்தான் அந்த ‘உம்’முக்குப் பொருள் உண்டு.

பொத்துவில் என்று எழுதிப் பாருங்கள்

நமக்கோ இன்னுமொரு சோதனை உண்டு. ‘பொத்துவில்’ என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தாகிய ‘பொ’வைக் கணினி சேமிக்கும்போது பகரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதோ, அந்த ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைப் பகரத்துக்கு முன்னும் காலைப் பின்னுமாக நிறுத்த வேண்டும். எழுத்துக்களை அடுத்தடுத்து வைப்பது மட்டும் அறிந்த சட்டகம் இங்கே தோற்றுவிடும். டியர் இம்குயி போன்ற சிறு கருவிகள் ஆங்கிலத்தை அழகாகக் காட்டும். இந்த எழுத்துக்கோப்பு வேலையை அவை செய்வதில்லை. அவற்றில் பொத்துவிலும் கோமாரியும் உருக்குலைந்தே தோன்றும்.

இவ்வேலையைச் செய்யும் திறந்த மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹார்ஃப்பஸ். பாரசீக மொழியில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பெயர் அது. மதரசாவில் அரபு எழுத்துக்களை ‘ஹர்ஃப்’ என்று படித்த நம் பிள்ளைகளுக்கு அச்சொல் அந்நியமன்று. அரபு எழுத்துக்களை இணைப்பதும், தமிழின் கொம்பையும் காலையும் இடமறிந்து நிறுத்துவதும் அந்த ஒரே கருவிதான். கியூட் அதனைக் கையாள்கிறது; ஜி.டி.கே., குரோமியம், ஃபிளட்டர் ஆகியனவும் கையாள்கின்றன. 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் ஜாவாவும் அதற்கு மாறியது. ஆகையால், பெரிய சட்டகங்களில் தமிழ் எழுத்து லினக்ஸிலும் பிழையின்றித் தோன்றுகிறது. ‘லினக்ஸில் தமிழ் வராது’ என்று இன்னும் கூறுவோர் பழைய பஞ்சாங்கத்தைப் படிக்கின்றனர்.

தோன்றுதல் ஒன்று, தட்டுதல் மற்றொன்று. நமது நாட்டில் ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகிய கை, தமிழ்நாட்டின் தமிழ்99 விசைப்பலகையில் தடுமாறும். லினக்ஸில் ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவிகள் வழியாகவே தமிழைத் தட்டுகிறோம். புதிய மென்பொருள் அக்கருவிகளுடன் ஒழுங்காகப் பேசுகிறதா என்பதைத் தட்டிப் பார்த்தே அறிய வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுக் கல்முனைக்கு அனுப்பினால் அந்தக் குறை எவர் கண்ணிலும் படாது.

ஒரே தளத்தை நம்பியதன் தண்டனையை நாம் முன்னரே அனுபவித்திருக்கிறோம். பாமினி எழுத்துருவில் தட்டிய எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை கூட்ட அறிக்கைகள், எத்தனை மலர்கள்! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அவையெல்லாம் ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியும் கலந்த குப்பையாகத் தெரிகின்றன. தமிழை ஒருங்குறியில் சேமித்திருந்தால் அது தமிழாகவே இருந்திருக்கும். எழுத்துக்கு நேர்ந்த கதி, நாளை நமது கணக்குப் புத்தகங்களுக்கும் நோயாளர் பதிவேடுகளுக்கும் நேர வேண்டாம்.

மறுப்புகளும் விடையும்

“எல்லாம் இணைய உலாவியில் ஓடும் காலத்தில் மேசைக்கணினி மென்பொருள் எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாட்டைத் தாக்கியபோது மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டமே. அப்பேரழிவின் பின் சில வாரங்களுக்குள் இலங்கைத் தன்னார்வலர் ஆக்கிய சஹானா என்னும் நிவாரண மென்பொருள், திறந்த மென்பொருட்களின்மீது எழுந்தது; உலாவி வழியே இயங்கியது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், அதே ஆண்டு இந்தோனேசிய நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதை அதற்கு வழங்கியது. நமது துயரத்தில் பிறந்த பொருள் உலகத்தின் துயரைத் துடைத்தது என்பதில் நாம் பெருமை கொள்கிறோம்.

ஆனால், உலாவிக்கு இணையம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாடு இது. வெள்ளம் வந்தால் முதலில் அறுவது தொடர்புதான். நெல் வாங்குபவரின் நிறுவைக் கணக்கும், வைத்தியசாலையின் மருந்து இருப்பும் தொடர்பு அறுந்த நேரத்திலும் மேசைமேல் திறக்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் பழைய மடிக்கணினியொன்று அந்த வேளையில் செய்யும் உதவியை எந்தத் தொலைதூரக் கணினியும் செய்யாது. உலாவியை நாம் பகைக்கவில்லை. அது ஒன்றே போதும் என்பதையே மறுக்கிறோம்.

“லினக்ஸ் மேசைக்கணினி வைத்திருப்போர் நூற்றுக்கு நான்கைந்து பேர்தாமே; அவர்களுக்காக எவர் உழைப்பார்?” என்பது அடுத்த மறுப்பு. சிறிய தொகையினருக்கு உரிமை எதற்கு என்று கேட்கும் குரலை நாம் வேறு மேடைகளிலும் கேட்டிருக்கிறோம். உணர்ச்சியை விட்டுக் கணக்கையே பார்ப்போம். பல்தளச் சட்டகத்தில் தொடக்கத்திலிருந்தே லினக்ஸையும் கருத்திற்கொண்டு எழுதினால் மேலதிக உழைப்பு சிறிது. விண்டோஸுக்கு மட்டும் எழுதி முடித்த பின் மாற்றப் புகுந்தால் வீட்டை இடித்துக் கட்டுவதற்கு ஒப்பாகும். மென்பொருள் இல்லாமையால் மக்கள் வருவதில்லை. மக்கள் வராமையால் மென்பொருள் எழுதப்படுவதில்லை. இந்தச் சுழலை யாரோ ஒருவர் அறுக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது மறுப்பை எவரும் உரத்துக் கூறுவதில்லை: “விண்டோஸுக்கு நாம் எங்கே பணம் கொடுக்கிறோம்?” களவாகப் படியெடுத்த தட்டு கடைக்குக் கடை கிடைக்கிறது என்பதே இதன் பொருள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நிறுவையில் ஒரு கிராம் குறைத்தாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சும் நமது வணிகர், பிறர் உழைப்பை விலையின்றி எடுப்பதற்கு மட்டும் அஞ்ச வேண்டாமா? களவுப் பிரதிக்குள் எவர் எதைப் புகுத்தினார் என்பதையும் எவரும் அறியார். நேர்மையான இலவசப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது களவுப் பொருளைக் கட்டி அழுவானேன்?

நாம் கேட்பவை

முதலாவது: மக்கள் வரிப்பணத்தில் மென்பொருள் வாங்கும் சபைகளும் திணைக்களங்களும் தமது கேள்விப்பத்திரத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கட்டும். ‘லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே தரத்தில் ஓடிக் காட்ட வேண்டும்’ என்பது ஒரு வரி. ‘தமிழில் தட்டி, சேமித்து, அச்சிட்டுக் காட்ட வேண்டும்’ என்பது மற்ற வரி. இவ்விரண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை. காசு கொடுப்பவர் கேட்காததை விற்பவர் எக்காலத்திலும் தரமாட்டார்.

இரண்டாவது: மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இவ்விடயத்தில் ஒரு கடமை உண்டு. எடின்பரோவும் பேர்க்லியும் செய்ததை ஒலுவிலும் சம்மாந்துறையும் செய்ய இயலாதென்று நாம் கருதவில்லை. இறுதியாண்டு மாணவர் ஆக்கும் செயற்றிட்டங்கள் மதிப்பெண் பெற்றபின் அலுமாரியில் உறங்குவதைவிட, கரையோரத்து அரிசி ஆலைக்கும் நெசவுக் கூட்டுறவுக்கும் பயன்படும் திறந்த மென்பொருளாக, லினக்ஸில் ஓடிக் காட்டுமாறு ஆக்கப்படட்டும். கேரள மாநிலத்தின் அரசாங்கப் பாடசாலைகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸ்மீதே நடைபெறுகிறது. மலையாளம் பேசும் பிள்ளைக்கு இயன்றது தமிழ் பேசும் பிள்ளைக்கு இயலாதா?

மூன்றாவது: நமது ஊர்களில் மென்பொருள் எழுதும் இளைஞருக்கு. தம்பிமாரே, தங்கையரே! சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் விளம்பரத்தைப் படிக்காதீர்கள். அது ஆதரிக்கும் தளங்களின் பட்டியலைப் படியுங்கள். பழைய லினக்ஸ் கணினியொன்றை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அதில் விரைந்து ஓடுவது எங்கும் ஓடும். கியூட் போன்றவற்றின் உரிமத்தை ஊன்றிப் படியுங்கள். நிபந்தனைகளைக் கைக்கொண்டால் கட்டணமின்றியே வணிக மென்பொருளும் ஆக்கலாம். விண்டோஸ் பதிப்பை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. இன்று விண்டோஸில் உங்கள் மென்பொருளை நடத்தும் வணிகர் நாளை லினக்ஸுக்கு மாற விரும்பினால், அவருடைய கணக்கும் அவருடன் கூடவே வரட்டும், அவ்வளவே.

தமது தறியை எப்போது மாற்றுவது என்பதை நெசவாளியே முடிவுசெய்வார். நூல் விற்பவர் முடிவுசெய்வதில்லை. கணினியிலும் அந்த உரிமை நம்மவர் கையில் இருக்க வேண்டுமென்றால், ‘லினக்ஸும்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டும் வழக்கத்தை விட்டொழித்து, “எங்கே, பொத்துவில் என்று தட்டிக் காட்டுங்கள்” என்று கேட்கும் வழக்கத்தை இன்றே தொடங்குவோமாக!